பிள்ளை முகம் பார்க்கும் வரை

கர்த்தருக்குள் அன்பானவர்களே, என் பெயர் எஸ்தர். சதுரங்கப்பட்டினத்துப் பக்கம் ஆரம்பப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். இதை எழுத இத்தனை வருஷம் தயங்கினேன். சாட்சி என்றால் வியாதி நீங்கிச் சுகமானதைச் சொல்வார்கள். என் வீட்டுக்காரர் சுகமாகவில்லை. ஆனாலும் எங்கள் ஜெபம் கேட்கப்பட்டது. அதைச் சொல்லாமல் இருப்பது எனக்குப் பாவமாகப் படுகிறது.

எழுபத்து நான்காம் வருஷம் ஆடி மாதம். என் வீட்டுக்காரர் டேனியல் கல்பாக்கத்தில் கட்டட வேலையில் வெல்டராக இருந்தார். முப்பத்தாறு வயது. கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து அப்போதுதான் நான் கர்ப்பமாக இருந்தேன். ஒருநாள் காலையில் முகம் கழுவிவிட்டுத் திரும்பினார். கண்ணின் வெள்ளையெல்லாம் மஞ்சள்.

மஞ்சள் காமாலைதானே என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். பத்தியம் இருந்தார். மூன்று வாரம் ஆயிற்று. மஞ்சள் இறங்கவில்லை, ஏறியது. உடம்பெல்லாம் அரிப்பு. சொறிந்து சொறிந்து கையிலும் காலிலும் ரத்தம் கட்டிவிட்டது. பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டார். முதுகு வலிக்கிறது என்று தலையணையை வயிற்றோடு கட்டிக்கொண்டு குனிந்தே உட்கார்ந்திருப்பார்.

செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆவணி கடைசியில் ஆப்பரேஷன். தியேட்டர் வாசலில் நானும் அவருடைய அண்ணன் மோசஸும் நின்றோம். நாலைந்து மணி நேரம் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். இரண்டு மணி நேரத்திலேயே கதவு திறந்தது. சீக்கிரம் முடிந்துவிட்டதே என்று நான் சந்தோஷப்பட்டேன்.

சர்ஜன் எங்களை ஓர் அறைக்குள் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். எக்ஸ்ரே கவரின் பின்பக்கத்தில் பேனாவால் படம் போட்டார்.

"இது இரைப்பை. இதுக்குப் பின்னால முதுகை ஒட்டி ஒரு உறுப்பு இருக்கு, கணையம்னு பேரு. அதோட தலைப்பக்கத்துல கட்டி. அதுதான் பித்தம் போற குழாயை அடைச்சிருக்கு, அதனாலதான் மஞ்சள். கட்டி அங்கேயே நின்னிருந்தா எடுக்கப் பார்த்திருப்பேன். பக்கத்துல போற பெரிய ரத்தக்குழாயைச் சுத்திப் பிடிச்சிருக்கு. ஈரல் மேலயும் வெள்ளை வெள்ளையா விதை தெளிச்ச மாதிரி பரவியிருக்கு."

"அப்போ எடுக்கலியா சார்?" என்று மோசஸ் மாமா கேட்டார்.

"எடுக்க முடியாதுங்க. பித்தம் போறதுக்கு மட்டும் வேற வழி வெச்சுத் தைச்சிருக்கேன். அரிப்பு நிக்கும், மஞ்சள் இறங்கும். நோய் அப்படியேதான் இருக்கும். இந்த நோய்க்கு நாலு படின்னு வெச்சுக்கிட்டா, இது நாலாவது படி."

எவ்வளவு நாள் என்று கேட்டேன்.

"ரெண்டு மாசம், மூணு மாசம். இது கணக்கு இல்லம்மா, நான் பார்த்ததை வெச்சுச் சொல்றேன். கொஞ்ச பேர் அதைத் தாண்டியும் இருந்திருக்காங்க. ஒரு துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கேன். என் கண்ணுக்குச் சந்தேகம் இல்ல. இருந்தாலும் ரிப்போர்ட் வரட்டும்."

வெளியே வந்ததும் மோசஸ் மாமா என்னிடம் விரலை நீட்டிச் சொன்னார். "எஸ்தரு, அவன்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாது. கேட்டா கட்டிய எடுத்தாச்சின்னு சொல்லு. தெரிஞ்சா அன்னிக்கே பூடுவான்."

அன்றைக்கு ஆரம்பித்தது பொய். அவர் கண் விழித்ததும் என் முகத்தைத்தான் பார்த்தார். "கட்டிய எட்த்துட்டாங்களா?" என்றார். எடுத்துவிட்டார்கள் என்றேன். தினமும் பொய். மஞ்சள் இறங்க இறங்க, "பாத்தியா, தேறிக்கினு வர்றேன்" என்று அவர் சிரிப்பார். நான் எச்சில் தட்டைக் கழுவுகிற சாக்கில் குழாயடிக்குப் போய்விடுவேன். ஊரில் சபையார் அனைவரும் உபவாசம் இருந்தார்கள். ரிப்போர்ட்டில் வேறு வியாதி என்று வரவேண்டும், அதுதான் ஜெபம். பத்து நாள் நானும் அதையே கேட்டேன். கர்த்தாவே, அந்தத் தாளில் இருப்பதை மாற்றிவிடும்.

மாறவில்லை. புற்றுநோய்தான் என்று வந்தது.

தையல் பிரித்து வீட்டுக்கு அனுப்பிய அன்றைக்குத்தான் அந்தத் தாள் என் கைக்கு வந்தது. மடித்துப் பைக்குள் வைத்தேன். திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் அவரை உட்கார வைத்து நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கடவுள் என்னைக் கைவிட்டுவிட்டார் என்பதைத் தவிர மனதில் ஒன்றும் இல்லை. ஜெபிக்கக்கூட வாய் வரவில்லை. பஸ் செங்கல்பட்டைத் தாண்டியதும் அவர் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார்.

"எஸ்தரு, அந்தத் தாளுல இன்னா போட்டுகீது?"

"ஒண்ணும் இல்லீங்க."

"நான் வெல்டரு. பத்த வெச்சது ஒட்டிச்சா ஒட்டலியான்னு எனக்குத் தெரியாதா? உள்ள அது அப்டியே கீது. நீயும் அண்ணாத்தயும் மூஞ்சிய மூஞ்சிய பாத்துக்கறீங்கோ. எனக்கு யாருமே இல்லாத மாரி கீது."

அந்தக் கடைசி வார்த்தையை என்னால் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். ஜனங்கள் நெருக்கி நின்ற பஸ்ஸில், அவர் காதோடு, படம் போட்டு டாக்டர் சொன்ன எல்லாவற்றையும். நாலாவது படி. ரெண்டு மூணு மாசம். அவர் முன் சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பிறகு என் வயிற்றைப் பார்த்தார்.

"புள்ளைக்கு இன்னும் எத்தினி மாசம்?"

"நாலு மாசம். தை கடைசியில."

விரலை மடக்கி எண்ணினார். "அப்போ பத்தாதே" என்றார். அதற்குப் பிறகுதான் அழுதார்.

அன்று சாயங்காலம் போதகர் ஐயா வீட்டுக்கு வந்தார். சபைச் சகோதரி சாராள் அக்காவும் வந்திருந்தார். என் வீட்டுக்காரருக்கு உண்மை தெரிந்துவிட்டது என்று நான் சொன்னதும் அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னா காரியம் பண்ணிட்ட! விசுவாசத்துக்கு நீயே பூட்டுப் போட்டுட்டியே!" என்றார். மோசஸ் மாமா அன்றோடு என்னிடம் பேச்சை நிறுத்தினார். நான் தலை குனிந்து நின்றேன். டேனியல் கட்டிலில் படுத்தபடியே கையைத் தூக்கினார்.

"அவள திட்டாதீங்கோ. இப்பதான் எனக்கு மூச்சு வருது. ஐயா, நானே ஜெபம் பண்றேன்."

அவர் செய்த ஜெபம் எனக்கு எழுத்துத் தவறாமல் ஞாபகம் இருக்கிறது. "ஆண்டவரே, சுகம் குட்த்தா வாங்கிக்கிறேன். குடுக்கலின்னா, எம் புள்ள மூஞ்சிய பாக்குற வரிக்கும் வுடு. அவ்ளோதான் கேக்குறேன். ஆமேன்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது ஒன்றுதான் ஜெபம்.

புரட்டாசி ஓடியது. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. கஞ்சி, மீன் ரசம், அவ்வளவுதான் இறங்கும். வலி மாத்திரை நேரத்தை நான் சுவரில் கரியால் குறித்து வைத்தேன். டாக்டர் சொன்ன இரண்டு மாதம் தாண்டியது. ஒவ்வொரு நாளும் விழித்ததும் அவர் மூச்சு விடுகிறாரா என்று பார்ப்பேன். பிறகு குழந்தை அசைகிறதா என்று பார்ப்பேன்.

கார்த்திகையில் குளிர் ஜுரம் வந்தது. கட்டில் கடகடவென்று ஆடுகிற அளவுக்கு நடுக்கம். கண் மறுபடியும் மஞ்சள். கொட்டுகிற மழையில் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோனோம். பித்தக் குழாயில் சீழ் பிடித்திருக்கிறது, இந்த உடம்பு தாங்குவது கஷ்டம் என்றார் டாக்டர். ஊசி மேல் ஊசி. மூன்று நாள் அவருக்கு நினைவே இல்லை. போதகர் ஐயா வீடு வீடாகச் சொல்லி அனுப்பினார். மூன்று நாளும் ஒருவர் மாற்றி ஒருவர் முழங்காலில் இருந்தார்கள். கோபித்துக்கொண்ட சாராள் அக்காதான் அதிக நேரம் இருந்தாராம். நான் வார்டு வராந்தாவில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் காலை உடம்பு வியர்த்தது. ஜுரம் விட்டது. "தாகமா கீது" என்றார்.

டாக்டரைக் கும்பிட்டேன். "மருந்து கேட்டதும்மா. இந்த நிலைமையில ஏன் கேட்டதுன்னா எனக்குத் தெரியாது" என்றார்.

கிறிஸ்துமஸ் கழிந்தது. பொங்கல் கழிந்து ஒரு வாரத்தில் எதுவும் உள்ளே இறங்காமல் வாந்தி எடுத்தார். மறுபடியும் சேர்த்து சலைன் ஏற்றினார்கள். ஆள் பாதியாகியிருந்தார். அவர் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தபோதே எனக்கு வலி கண்டது. நாள் இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தது. அதே ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டுக்கு என்னைக் கொண்டுபோனார்கள். வலியைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது. நான் திரும்பி வருவதற்குள் அவர் போய்விட்டால்?

மதியம் பெண் குழந்தை பிறந்தது. நல்ல சத்தமாக அழுதாள். ஆண்களை உள்ளே விடமாட்டார்கள். வராந்தாவில் யாரோ கத்துகிற சத்தம் கேட்டது. மோசஸ் மாமாவின் குரல்.

"சிஸ்டரு, நான் உள்ள வர்ல. எந்தம்பிய தூக்கிகினு வந்துகீறேன். புள்ளைய ஒரு தபா காட்டுங்கோ!"

சலைன் பாட்டிலை வார்டு ஆயா உயர்த்திப் பிடிக்க, நான்கு மாதமாக என்னிடம் பேசாத அந்த மனிதர் தம்பியைக் கைக்குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு அத்தனை தூரம் நடந்து வந்திருக்கிறார். நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றி வெளியே கொண்டுபோனார். கதவு திறந்திருந்தது. படுத்த இடத்திலிருந்தே நான் பார்த்தேன். டேனியல் குழந்தையின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். "மூக்கு என்னுது மாரியே கீது" என்றார். பிறகு, "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்றார். மோசஸ் மாமா தேம்பித் தேம்பி அழுதார்.

குழந்தைக்குக் கிருபா என்று அவர்தான் பெயர் வைத்தார். அதன் பிறகு இருபத்து மூன்று நாள் இருந்தார். வீட்டில், குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, ஒரு காலை வேளையில் அடங்கினார். எங்களுக்குள் சொல்லாமல் விட்டது என்று எதுவும் மிச்சமில்லை.

சிலர் கேட்கிறார்கள், சிலருக்கு அப்படி நாள் நீளும் என்று டாக்டரே சொன்னாரே, இதில் ஜெபம் எங்கே என்று. நான் டாக்டரோடு வாதாட வரவில்லை. அவர் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. அவருக்காகவும் தினமும் ஜெபிக்கிறேன். கேட்டது எங்களுக்குக் கிடைத்தது, அது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

இப்போது சனிக்கிழமைதோறும் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்களைப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும். போன மாதம் மாமல்லபுரத்துப் பக்கத்துக் குப்பத்திலிருந்து ஒரு பெண். புருஷனுக்கு ஈரலில் கட்டியாம். "எங்க சாமிய கும்புட்டாலும் உங்க ஆண்டவரு கேப்பாராக்கா? நான் இன்னா கேக்கட்டும்?" என்று அழுதாள்.

"கேட்கிறவர் கேட்பார். ஆனா மொதல்ல வார்டுக்கு உள்ள போ. உன் வீட்டுக்காரர் பக்கத்துல உட்காரு. அவருக்கு என்ன வேணும்னு அவர்கிட்ட கேளு. அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து அதைக் கேளுங்க" என்றேன்.

இதைப் படிக்கிற உங்களிடமும் அதையேதான் சொல்கிறேன். பயப்படாமல் உள்ளே போங்கள்.