பந்தாட்டத்துக்குப் போனவர்

கிள்ளானில் ஒரு சீன முதலாளி, தவுக்கே என்போம், கூடைப்பந்து ஆடுவதற்கென்றே என் வீட்டுக்காரருக்கு மாதச் சம்பளம் கொடுத்துவந்தார். கடையில் வேலை என்று பெயர். ஒரு மூட்டையைக்கூட அவர் தூக்கியதில்லை. சீனப் பையன்கள் நடுவே ஒற்றைத் தமிழராக அவர் ஆடுவதைப் பார்க்க எங்கள் பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஆட்கள் ரயிலேறிப் போவார்கள். ரயில்வேயில் கரி அள்ளும் என் அப்பாவுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. பெண் கேட்டு வந்தபோது, "பந்து உருட்டுறதெல்லாம் ஒரு வேலையா? நாளைக்குக் காத்துப் போச்சுன்னா சோத்துக்கு எங்க போவான்?" என்றார். நான் ஒற்றைக் காலில் நின்று அவரையே கட்டிக்கொண்டேன்.

கல்யாணமாகிச் சில வாரங்களில் ஜப்பான்காரன் வந்தான். அப்பா சொன்னபடியே காற்றுப் போனது. தவுக்கே தலைமறைவானார். ஆடுகளத்தைக் கொத்தி மரவள்ளி நட்டார்கள். கொத்தியவர்களில் என் வீட்டுக்காரரும் ஒருவர். "கூடைக்கு அடியில நல்லா விளையும் பாரு, நான் விழுந்து எந்திரிச்ச மண்ணு லா" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிரிக்பீல்ட்ஸில் எங்களுக்கு ஒரே அறை. அவர் படுத்தால் கால் வாசலுக்கு வெளியே கிடக்கும். திட்டிக்கொண்டே தாண்டிப் போவேன். வேண்டுமென்றே இன்னும் நீட்டுவார். கிழங்கைத் தின்று வயிறு உப்பிக் கிடந்தோம். ஆனாலும் அந்த அறையில் இருந்த சந்தோஷம் பிறகு எந்த வீட்டிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

ஒருநாள் காலையில் ஒரு ஆள் வந்து, ஜப்பான் ராணுவம் திடலில் பந்தாட்டம் நடத்துகிறது, ஆட வருகிறவர்களுக்கு அரிசி உண்டு என்றான். இலவசப் படம் காட்டுகிறோம் என்று ஆட்களை வரவழைத்து, சயாமுக்கு ரயில்பாதை போட ஏற்றிவிடுகிறார்கள் என்ற பேச்சு எங்கள் காதிலும் விழுந்திருந்தது. பயமாக இருக்கிறது, போகவேண்டாம் என்றேன்.

"படம்னா நானே போகமாட்டேன். இது பாஸ்கட்பால் லா" என்றார். வாயெல்லாம் பல். மூலையில் கிடந்த கான்வாஸ் சப்பாத்துக்குச் சுண்ணாம்பு தடவி, அது காயும்வரைகூடப் பொறுமையில்லாமல் காலில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். திடலில் பந்தும் இல்லை, கூடையும் இல்லை, லோரிகள்தான் நின்றன என்று தப்பி ஓடிவந்த ஒருவர் சாயங்காலம் வந்து சொன்னார்.

அதன்பிறகு காத்திருப்பதுதான் என் பிழைப்பு. கூட்டத்தில் மற்றவர்களுக்கு மேலே ஒரு தலை தெரிந்தால் முண்டியடித்துக்கொண்டு போய்ப் பார்ப்பேன். பாசார் சந்தையில் ஒரு பஞ்சாபிக்காரர் பின்னாலேயே பாதித் தெரு போயிருக்கிறேன்.

சண்டை முடிந்து, சயாமில் மிஞ்சியவர்கள் ரயிலில் வந்து இறங்கத் தொடங்கினார்கள். தினமும் ஸ்டேஷனுக்குப் போனேன். கிள்ளானை அடுத்த மேரு பக்கத்து ரப்பர் தோட்டத்து ஆள் ஒருவர் எலும்பும் தோலுமாக உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, எங்க வீட்டுக்காரரைப் பாத்தீங்களா? நல்ல உயரமா இருப்பாரு."

"அங்க எல்லாரும் கூனிப்போய்தாம்மா கிடந்தோம். உயரத்த யாரு பாத்தா?"

"பந்து விளையாடுவாரு."

"பேரச் சொல்லும்மா."

புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்த்திருந்தார்கள். 'என்னங்க', 'இங்க பாருங்க' என்றே குடும்பம் நடத்தியவள் நான்; 'என்ன புள்ள' என்று அவரும் திரும்புவார். யாராவது கேட்டால் பக்கத்து வீட்டுக்காரி எனக்காகச் சொல்லிவிடுவாள். அன்று துணைக்கு யாருமில்லை. எங்கோ உயிரோடு இருக்கிறவரை நானே கொன்றுவிடுவேனோ என்று பயந்தேன். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு முணுமுணுத்தேன்.

"கேக்கலம்மா. சத்தமா சொல்லு."

சத்தமாகச் சொன்னேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "போன மழைக்கே காலரா கொண்டுபோயிருச்சும்மா. நாங்கதான் பொதைச்சோம்."

என் வீட்டுக்காரருக்கு இருபத்தைந்துகூட ஆகவில்லை. அவர் ஆயுசுக்காக நான் பொத்திப் பொத்தி வைத்த பெயர் அது. இப்போது அதை வாய் நிறையச் சொல்கிறேன், யாரும் தடுப்பதில்லை. 'என்ன புள்ள' என்று கேட்கத்தான் ஆளில்லை.