பூசையில் வைத்த பூட்டு

எங்கள் படகு மோட்டார் ஏறக்குறைய முப்பத்தைந்து கிலோ இருக்கும். இரண்டு வருடம் அதன் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கியவள் நான். சாயங்காலம் பம்பாயின் மாஹுல் துறையில் படகைக் கட்டியதும் அப்பா அதைப் பின்பலகையிலிருந்து கழற்றுவார். நான் அலுவலகத்திலிருந்து நேராக அங்கே போய்விடுவேன். இருவருமாகச் சேற்றுப் படிகளில் ஏற்றி, அம்மாவின் பழைய சேலையில் சுற்றி, ஆட்டோவுக்குக் கைகாட்டுவோம். பாதிப் பேர் நிற்கவே மாட்டார்கள். ஒருநாள் நின்ற ஒருவர், சுற்றிவைத்ததை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மேடம், யே லாஷ் தோ நஹீ ஹை நா?" என்றார். பிணமில்லை, மோட்டார்தான் என்று நிரூபிக்க நடுரோட்டில் அந்தச் சுற்றைப் பிரித்துக் காட்டினேன்.

செம்பூரில் எங்களுக்கு ஒரே அறை. நான் உட்கார்ந்து எம்.காம். வரை படித்த மூலைதான் மோட்டாருக்குப் படுக்கை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இஸ்திரி போட்ட குர்த்தாவில் பெட்ரோல் வாடையோடு அலுவலகம் போன முதல் ஆளும் நானாகத்தான் இருக்கும்.

ஆனாலும் மோட்டாரைத் துறையில் விட்டுவிட்டு வர முடியாது. அப்பா தாராவியில் ஒரு தோல் பட்டறையில் இருபது வருடம் குனிந்து வேலை பார்த்தவர். அதை விட்டுவிட்டுத்தான் இந்தப் பழைய படகை வாங்கினார். தூண்டில் போடுகிறவர்களையும் பறவைகளைப் படம் எடுக்கிறவர்களையும் உப்பங்கழிக்குள் கூட்டிப் போய் வருகிறார். மோட்டார் போனால் படகு வெறும் மரத்தொட்டி. அவர் மறுபடியும் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

போன வருடம் மழை குறையத் தொடங்கிய சமயத்தில் அவருடைய முதுகு பிடித்துக்கொண்டது. இனி எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதே வாரம் பக்கத்துப் படகுக்காரரின் மோட்டார் திருடு போனது. அவர் துறையிலேயே பிறந்து வளர்ந்த கோலி மீனவர். அவருக்கே அந்தக் கதி.

நான் பத்து நாள் தேடி ஒரு பூட்டு வரவழைத்தேன். கனமான இரும்புக் குழாய் போல இருக்கும். மோட்டாரைப் பலகையோடு இறுக்குகிற இரண்டு திருகுகளின் கைப்பிடிகளையும் சேர்த்து மூடிக்கொள்ளும். குழாயைக் கழற்றாமல் திருகைத் திருப்ப முடியாது. கூட வந்த தாளைப் படித்து நானே மாட்டினேன். அப்பா அதைப் பிடித்து நாலு இழு இழுத்துப் பார்த்தார். "பரவால்லட்டி, படிப்பு வீண் போவல" என்றார். ஒரு மாதம் நிம்மதியாக இருந்தோம்.

ஆயுத பூசை வந்தது. பம்பாயில் மறுநாள் தசராவுக்குத்தான் எனக்கு லீவு என்பதால் அன்று அரைநாள் சொல்லிவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். சாமி படத்துக்கு முன்னால் பலகையில் ஸ்பேனர்கள், திருப்புளி, அம்மாவின் அரிவாள்மனை, என் லேப்டாப். லேப்டாப் மூடியில் ஈரச் சந்தனம். அதைத் துடைக்கலாமா என்று நினைத்தபோதுதான் பக்கத்தில் அதைப் பார்த்தேன். புளி போட்டுத் தேய்த்து, குங்குமம் வைத்து, தலைமாட்டில் இரண்டு சாவிகளோடு படுத்திருந்தது என் பூட்டு.

"இது இங்க என்ன செய்யுது?"

"பூசைல இருக்கு" என்றார் அப்பா. "மோட்டாருக்குக் காலைலயே அங்க வச்சுப் பண்ணியாச்சு. சந்தனம், குங்குமம், கேந்திப்பூ மாலை, ஒரு கொறையில்ல. பூட்டக் கையோட கொண்டாந்துட்டேன். அதுவும் ஒழைக்கிற சாமான்தானட்டி. இன்னைக்கு ஒருநா ஓய்வு."

"வாங்கி ஒரு மாசந்தாம்ப்பா ஆவுது!"

"அப்பம் புதுசுக்குப் பூச வேண்டாமா?"

"மோட்டார் அங்க பூட்டில்லாம நிக்குதா?"

"மாலையோட நிக்கு. மாலை போட்டத எவன் தொடுவான்?"

"திருடன் தொடுவான்!"

"அவனுக்கும் இன்னைக்குப் பூசைலா. ரம்பம், கம்பி எல்லாத்தையும் சாமி முன்னால வச்சிருப்பான்."

அம்மா சுண்டல் தாளித்தபடியே சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் வேலை பார்ப்பது காப்பீட்டு அலுவலகத்தில். எங்கள் படிவத்தில், பொருள் பூட்டப்பட்டிருந்ததா என்று ஒரு கேள்வி உண்டு. இல்லை, பூட்டு சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தது என்று இதுவரை யாரும் எழுதவில்லை.

கையை நீட்டினேன். "எடுக்காத" என்றாள் அம்மா. "நாளைக் காலைல மறுபூச முடியட்டும்."

எடுத்திருக்கலாம். என்னால் முடியவில்லை. நான் ஒன்றாம் வகுப்பு சேரும்வரை அந்தப் பலகையில் தோல் வெட்டும் கத்தியும் அரிவாள்மனையும்தான் இருந்திருக்கின்றன. அங்கே முதல் புத்தகத்தை வைத்தவள் நான். கல்லூரியில் இரண்டு நாளில் தேர்வு என்ற வருடங்களில்கூட, அன்று வைத்த புத்தகத்தை மறுநாள்வரை நான் தொட்டதில்லை. அதில் எனக்கு ஒரு கர்வமும் உண்டு. இப்போது பூட்டுக்கு மட்டும் விலக்கு கேட்க எனக்கு வாய் வரவில்லை. கோபம் மட்டும் வந்தது.

அப்பாவை ஆட்டோவில் ஏற்றித் துறைக்குக் கூட்டிப்போனேன். மோட்டார் இருந்தது. மாப்பிள்ளை மாதிரி மாலையும் பொட்டுமாக இருந்தது. யார் வேண்டுமானாலும் இரண்டு திருகைத் திருப்பிக் கழற்றிக்கொண்டு போகலாம்.

"கழத்தி வீட்டுக்குக் கொண்டு போயிருவோம். யாராவது பிடிப்பாங்க."

"பூச பண்ணுனத இன்னைக்கு அசைக்கப்பிடாது."

வலை பின்னிக்கொண்டிருந்த பக்கத்துப் படகுக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "க்யா அண்ணா, தாலே கோ பீ சுட்டி தே தியா?" என்றார். பூட்டுக்கே லீவு கொடுத்த ஆளை அவர் பார்த்ததில்லையாம். மோட்டாரைப் பறிகொடுத்தவரே சிரித்தது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அப்பாவைப் படகில் காவல் வைத்துவிட்டு, மெயின் ரோட்டிலிருந்த இரும்புச் சாமான் கடைக்கு நடந்தேன். வீட்டில் பூசையிலிருக்கும் பூட்டைத்தானே தொடக்கூடாது, புதுப் பூட்டு வாங்கத் தடையில்லையே. கடைக்காரர் மராட்டிக்காரர். அங்கேயும் தராசுக்கும் சுத்தியலுக்கும் பூ வைத்திருந்தது. ஆனால் வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. தடித்த சங்கிலி, பெரிய பூட்டு. வாங்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகத் திரும்பினேன்.

அப்பா பூட்டைக் கையில் வாங்கித் திருப்பினார். "ஏட்டி, இதுலயும் குங்குமம் இருக்கு."

இருந்தது. கடைக்காரர் பூசையில் மொத்தப் பூட்டுகளுக்கும் ஒரு தீற்று தீற்றியிருக்கிறார்.

"இதுவும் பூசைல வச்சதுலா."

நான் படகின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். "அப்பா, நான் ராத்திரி இங்கயே இருந்துக்கிடுதேன். நீங்க போங்க" என்றேன். கேலியாகச் சொல்லத்தான் நினைத்தேன். அப்படி வரவில்லை. "ஒங்க முதுக வச்சுக்கிட்டுத் திரும்ப அந்தப் பட்டறைல போயி உக்காருவீங்களா? எனக்குப் பாக்க முடியாதுப்பா."

அவர் மோட்டாரைப் பார்த்தார். பிறகு வேட்டி முனையைக் கழித்தண்ணீரில் நனைத்து, பூட்டிலிருந்த குங்குமத்தை அழுத்தித் துடைத்தார். சாவித்துவாரத்துக்குள் இருந்ததைக்கூட விடவில்லை.

"கடக்காரன் சாமி வேற, நம்ம சாமி வேற" என்றார். "அசைக்காமச் சுத்து."

மாலை கசங்காமல், மோட்டார் ஒரு இம்மியும் நகராமல், சங்கிலியைப் பின்பலகையோடு சேர்த்து மூன்று சுற்றுச் சுற்றிப் பூட்டினேன். அவர் ஒவ்வொரு சுற்றுக்கும் குறை சொன்னார்.

மறுநாள் விடிந்ததும் போனோம். மறுபூசை முடித்த குழாய்ப் பூட்டு அப்பா கையில். மோட்டார் அப்படியே இருந்தது.

"பாத்தியாட்டி? பூச பண்ணுனத எவனும் தொடமாட்டாம்னு சொன்னேம்லா."

பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. உப்புக்காற்றில் புதுப் பூட்டு அதற்குள் இறுகியிருந்தது. அவர் படிமேல் நின்று பக்கத்துப் படகுக்காரருக்கும் அதையே ஹிந்தியில் விளக்கிக்கொண்டிருக்க, நான் சங்கிலியோடு பத்து நிமிடம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.