குப்பண்ணன் விரல் வைத்த முதலை வாய்

என் தம்பி குப்பண்ணன் நாற்பது வருஷமாக மாட்டுத் தரகு பார்க்கிறான். கொழிஞ்சாம்பாறையிலிருந்து வாணியங்குளம் சந்தை வரைக்கும், ஒரு மாட்டின் வாயில் அவன் விரல் போய்விட்டால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு கீழ்வரிசைப் பல்லைத் தடவியே வயசைச் சொல்லிவிடுவான். வியாபாரம் படிந்தால் துண்டைப் போட்டு மூடி, உள்ளே எதிராளியின் ஐந்து விரலையும் சேர்த்து ஒரு பிடி. அதோடு முடிந்தது. பிடித்த பிறகு அவன் பேச்சு மாறினான் என்று யாராவது சொல்லட்டும், நான் கேட்கிறேன்.

அவன் மகள் வயிற்றுப் பேத்தி செல்வப்பிரியாவுக்கு வடக்கே லக்னோவில் படிக்க இடம் கிடைத்தது. கல்லாகிப்போன எலும்புகளைப் பற்றிய படிப்பாம். செத்த மிருகத்தைப் பார்க்க அத்தனை தூரம் எதற்கு, பக்கத்துச் சித்தூரிலேயே டீச்சருக்குப் படிக்கட்டும் என்றுவிட்டான் குப்பண்ணன். பிள்ளை மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான் சொல்லியும் அவன் இறங்கவில்லை.

நாலாம் நாள் அவள், தான் படித்து முடித்த காலேஜில் கேட்டு வாங்கிய ஒரு பெட்டியோடு வந்து நின்றாள்.

"ஏனுங்க அப்புச்சி, இதுக்கு வயசு சொல்லுங்க. சரியாச் சொல்லிட்டீங்கன்னா நான் சித்தூர்லயே படிச்சுக்கறேன். தப்பாப் போச்சுன்னா என்னைய லக்னோவுக்கு உட்றோணும்."

பல்லை வைத்து அவனைச் சீண்டினால் விடுவானா? கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டான். பெட்டியிலிருந்து வெளியே வந்தது ஒரு மிருகத்தின் வாய். கல்லில் கிடைத்ததைப் பார்த்துப் பிளாஸ்டரில் வார்த்ததாம். என் கையைவிட நீளம். விரல் வைத்தவன் திடுக்கிட்டுக் கையை இழுத்துக்கொண்டான். மாட்டுக்கு மேல்வரிசையில் முன்பல் கிடையாது. இதற்கு மேலும் கீழும் வரிசை வரிசையாகப் பல். ஆனாலும் ஒவ்வொன்றாகத் தடவினான். எல்லாம் கட்டைவிரல் தடிமனில், நுனி மழுங்கி இருந்தன.

"நல்லாத் தேஞ்ச கெழடு," என்றான். "இது மேஞ்ச வாயில்ல அம்முணி. கெட்டியா எதையோ கடிச்சு ஒடச்சிருக்குது. தேங்கா ஓடாட்டம்."

பிள்ளை என் பக்கம் திரும்பி விவரம் சொன்னாள். அது கடலில் வாழ்ந்த முதலையாம். பதினைந்து கோடி வருஷத்துக்கு முந்தியதாம். ஆமையைக் கவ்வி, ஓட்டோடு நொறுக்கித் தின்னுமாம். அதில்தான் நுனி தேயுமாம். அந்தக் காலத்து ஆமை ஓடுகளில் பல் பதிந்த தடம்கூடக் கிடைத்திருக்கிறதாம். இத்தனையையும் விரலால் எப்படிச் சொன்னார் என்று என்னைக் கேட்டாள்.

"அப்ப செயிச்சது நானு," என்றான் குப்பண்ணன்.

"தின்னது சரிங்க அப்புச்சி. வயசுதான் தப்பு. முதலைக்குப் பல்லு உழுக உழுகப் புதுசா மொளைக்கும், சாகற வரைக்கும். பல்லப் பார்த்து வயசு சொல்ல முடியாதுங்க."

என் வாயில் மிஞ்சியிருப்பது நாலே பல். அவனுக்கோ முகமே வெளுத்துவிட்டது. சாகற வரைக்குமா, சாகற வரைக்குமா என்று இரண்டு தரம் கேட்டான். பல் பொய் சொல்லும் என்று நாற்பது வருஷத்தில் யாரும் அவனிடம் சொன்னதில்லை.

அவன் தோற்றான் என்று நான் இன்றைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆமையைத் தின்ற வாய் என்று தடவியே கண்டுபிடித்தவன் அவன்தானே? அதைச் சொல்லியே அவன் சாதித்திருக்கலாம். சாதிக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பேத்தியின் கையை மூடினான். உள்ளே ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தான்.