பஞ்சு அடைத்த மலை

எனக்குச் சந்தேகப் புத்தி உண்டு. இருபது வருஷம் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்துப் பாருங்கள், உங்களுக்கும் வரும். கண்காட்சி நெருங்கினால் போதும், டவுண் ரத வீதிக் கடைகளில் எரிமலையும் காற்றாலையும் ரெடிமேடாகத் தொங்கும். பெயர்ச் சீட்டை மட்டும் ஒட்டிக்கொண்டு வந்து, "நானே செஞ்சேன் டீச்சர்" என்று சத்தியம் பண்ணுவார்கள்.

அந்த வருஷம் மாவட்டக் கண்காட்சிக்கு எங்கள் பள்ளியிலிருந்து ஒரே ஒரு மாதிரிதான் போகலாம். மாஞ்சோலை மலை எஸ்டேட்டிலிருந்து குடும்பத்தோடு இறங்கிவந்து புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, அடியில் ஓட்டை போட்ட இரண்டு டப்பாக்களைக் கொண்டுவந்தாள். ஒன்றில் பாத்திரம் தேய்க்கிற பஞ்சு அடைத்திருந்தது. அது காட்டு மலை. மற்றது மொட்டை மலை. இரண்டிலும் தண்ணீர் ஊற்றினாள். மொட்டை மலை உடனே கொட்டித் தீர்த்தது. பஞ்சு மலை வெகுநேரம் சொட்டிக்கொண்டே இருந்தது.

"மழை நின்னாலும் ஆத்துல தண்ணி வருதுல்லா, அதான் டீச்சர்."

இவளுக்கு எப்படி இது தோன்றும்?

"யாரு செஞ்சு தந்தா? அண்ணனா? செல்போன்ல பாத்தியா? பொய் சொன்னா எனக்குத் தெரிஞ்சிரும், பாத்துக்க."

அவள் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். மாட்டிக்கொண்டாள் என்று முடிவு கட்டினேன். கடைச் சரக்கு என்று தெரிந்தும், இன்னொரு பையன் கொண்டுவந்த பளிச்சென்ற காற்றாலையைத்தான் அனுப்பினேன். நடுவர்களுக்கு அதுதானே பிடிக்கும்.

மறுமாதம் ஆசிரியர் பயிற்சி. வகுப்பறையில் நடக்கும் ஒரு விஷயம் இன்னொன்றைத் தூண்டும், எது எதைத் தூண்டுகிறது என்று அம்பு போட்டுக் காட்டுங்கள் என்றார் பயிற்சியாளர். வருஷத்துக்கு ஒரு புதுப் பாஷை! அதையும் நான் நம்பவில்லை. ஆனாலும் போட்டேன். பிள்ளைகள் கடையில் வாங்குகிறார்கள், அதனால் யோசிப்பதில்லை, யோசிக்காததால் மறுபடி வாங்குகிறார்கள். வட்டம் கச்சிதமாக முடிந்தது.

அவர் எட்டிப் பார்த்தார். "மார்க்கு போடுறது யாரு டீச்சர்? இதுல ஆளையே காணுமே."

எரிச்சலாக வந்தது. தாளை மடித்துக் கைப்பைக்குள் திணித்தேன்.

அடுத்த பருவத்துக்கு அந்தப் பெண் சூரியக் குடும்பம் கொண்டுவந்தாள். ஒரு கோணல் இல்லை, ஒரு பசைக் கறை இல்லை. முழு மதிப்பெண் போட்டேன். அவள் நகராமல் நின்றாள்.

"என்னட்டி?"

"இது கடையில வாங்குனது டீச்சர். இதுக்கு நீங்க ஒண்ணுமே கேக்கலயே."

வெட்கத்தில் முகம் சுட்டது. பஞ்சு மலையை நாளைக்குக் கொண்டுவரச் சொன்னேன்.

"அது இப்ப இல்ல டீச்சர். பஞ்செல்லாம் பாத்திரம் தேய்க்க அம்மா எடுத்துட்டாவ."