வீட்டில் கிழிந்த உடுப்பு இல்லையா?

நேற்று மாலை, எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவும் புஷ்பம் தன் செல்பேசியை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். "அக்கா, இது எனக்க பிள்ளதானே?"

அவள் மகள் ஜெனிஷாதான். ஐந்தாம் வகுப்பு. எங்கள் பின்வாசல் படியில் செருப்பில்லாமல், தலை கலைந்து, மடியில் ஒரு தட்டோடு உட்கார்ந்திருந்தாள். கறுப்பு வெள்ளைப் படம். கீழே 'பசி' என்று ஒரு சொல். பிளஸ் ஒன் படிக்கும் என் மகள் எடுத்து, பள்ளிப் புகைப்படப் போட்டியில் முதல் பரிசு வாங்கிய படம். அது வாட்ஸ்அப்பில் ஊர் சுற்றி, ஜெனிஷாவின் வகுப்புப் பிள்ளைகளின் வீடுகளுக்கும் போய்விட்டது.

"காலத்த மூணு தோசை தின்ன பிள்ளையாக்கும். கிளாஸ்ல 'பசி, பசி'ன்னு விளிக்குதுவளாம். இன்னைக்கு ஸ்கூலுக்கே போவல்ல."

நான் உடனே வெட்கப்பட்டேன் என்று எழுத ஆசைதான். முதலில் தோன்றியது, பரிசைத் திரும்பக் கேட்பார்களோ என்பது. அந்தப் படத்தை 'என் மகளின் இரக்கமுள்ள கண்' என்று ஸ்டேட்டஸில் வைத்தவள் நான். தெரிந்தவர்கள் எல்லாரும் கைகூப்பினார்கள். அழும் பொம்மைகளை அனுப்பினார்கள். இரங்குவதற்கு இப்போது சோபாவிலிருந்து எழுந்திருக்கக்கூட வேண்டாம்.

மகளைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அவ சிரிச்சிட்டே இருந்தாம்மா. சிரிக்காதேன்னு சொன்னேன். தலையில ரோஸ் கலர் கிளிப் வேற. செட் ஆகல்ல, கழட்டச் சொல்லிட்டேன்."

தப்புச் செய்த முகமே இல்லை. கோலம் போடும் விதத்தை விளக்குகிறவளைப் போல நிதானமாகச் சொன்னாள். நான் பாவாடை கட்டிய காலத்தில் எனக்கும் ஒருவர் இதையே சொல்லியிருக்கிறார்.

இரணியல் பக்கம் எங்கள் ஊரில், வெளிநாட்டுக் குடும்பங்கள் அனுப்பும் பணத்தில் ஏழைப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் திட்டம் ஒன்று இருந்தது. அம்மா அண்டியாபீசில் முந்திரிக்கொட்டை உடைப்பவள். அந்தக் கொட்டையின் எண்ணெய் பட்டு அவள் விரல்கள் எப்போதும் கறுத்திருக்கும். அதே விரல்களால் எனக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்து, வழித்துச் சீவி, கிறிஸ்துமஸுக்குத் தைத்து வைத்திருந்த மஞ்சள் பாவாடையை முன்கூட்டியே கட்டிவிட்டு, திட்டத்துக்காரர் படம் எடுக்கும் இடத்துக்குக் கூட்டிப்போனாள். படம் எடுக்கிறார்கள் என்றால் நல்ல உடுப்புப் போடவேண்டும் என்று நினைத்துவிட்டாள், பாவம். ஏழையாக இருப்பதற்கும் சட்டதிட்டம் உண்டென்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

கேமராவோடு வந்த சார் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இது வேண்டாம். வீட்டுல கிழிஞ்ச உடுப்பு ஒண்ணும் இல்லியா?"

"அதக் கரித்துணி ஆக்கியாச்சே சாரே."

"அதுதான் வேணும். எடுத்துட்டு வாங்க."

அம்மா ஓடிப்போய் அடுப்படியிலிருந்து எடுத்துவந்து, உதறி, என் தலைவழியாகப் போட்டாள். கரியும் மீன்குழம்பும் கலந்த நாற்றம். சீவிய தலையை சார் கையாலேயே கலைத்தார். நான் வெட்கத்தில் இளித்தேன்.

"சிரிக்காத மக்கா. நீ சொகமா இருக்கன்னு அங்க உள்ளவங்க நெனச்சிருவாங்க."

என் படம் போய்ச் சேர்ந்த வெளிநாட்டுக் குடும்பம் பதிலுக்குத் தங்கள் படம் ஒன்றை அனுப்பியது. அதில் அவர்களுடைய நாய்கூடச் சிரித்துக்கொண்டிருந்தது. அதை யாரும் அதட்டியதாகத் தெரியவில்லை.

அந்தப் பணத்தில்தான் படித்தேன், மறைக்க ஒன்றுமில்லை. படித்து, வேலை பார்த்து, நாகர்கோவிலில் வீடு கட்டி, மகளுக்கு நல்ல கேமரா உள்ள போனாகப் பார்த்து வாங்கிக் கொடுத்து, கடைசியில் அந்த சாரை என் வீட்டிலேயே வளர்த்திருக்கிறேன்.

பள்ளிக்கூடத்துக்கு போன் செய்தேன். "இது ஆர்ட் மேடம். அந்தக் குழந்தைக்கும் பெருமைதானே?" என்றார் போட்டி நடத்திய ஆசிரியை. அப்படியானால் உங்கள் பிள்ளையைத் தலை கலைத்து உட்காரவையுங்கள் என்று சொல்ல நாக்கு துறுதுறுத்தது. சொல்லவில்லை. மகள் இன்னும் ஒரு வருடம் அங்கே படிக்கவேண்டுமே. படத்தை நீக்கிவிடுங்கள், பரிசு வேண்டாம் என்று மட்டும் சொல்லி வைத்தேன். மகள் அழுதுகொண்டே தன் போனிலிருந்து அழித்தாள்.

என் படம் கடல் தாண்டி யாரோ ஒருவர் வீட்டுக்குப் போனது. கரித்துணியில் நின்ற என்னை எங்கள் ஊரில் அந்த சாரையும் அம்மாவையும் தவிர ஒருவரும் பார்க்கவில்லை. மறுநாள் வகுப்பில் வழக்கம்போல முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன். அந்தத் தூரம் இப்போது இல்லை.

புஷ்பம் என் மகளின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுல அழிச்சாச்சுன்னா, மத்தவங்க போன்ல உள்ளதும் போயிருமா அக்கா?"

மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"போயிரும் புஷ்பம்" என்றேன்.

"அப்பம் நாளைக்கு அவள அனுப்புதேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இப்போது காலை பத்து மணி. ஜெனிஷா வகுப்பில் இருப்பாள்.