கரை உடைஞ்சதா, வெட்டினாங்களா?

விக்கி கட்டுவது வீடு கட்டுவது மாதிரி இல்லை. வீட்டை முடித்தால் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம், விக்கியில் நாம் எழுப்பிய சுவரை யார் வேண்டுமானாலும் வந்து இடித்துவிட்டு "சின்னத் திருத்தம்" என்று எழுதி வைத்துவிட்டுப் போகலாம். குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அட்மினாக இருந்து அடிபட்டவர்களும், அப்பார்ட்மென்ட் சங்கத்துக்குச் செயலாளராக இருந்து பேச்சு வாங்கியவர்களும் இதைப் படிக்கும்போது தாராளமாகப் பெருமூச்சு விட்டுக்கொள்ளுங்கள். நாமெல்லாம் ஒரே கட்சி.

என் பெயர் பர்வீன். தென்னூர்ப் பக்கம் வாய்க்காலை ஒட்டிய பள்ளத்தெருவில், அத்தா (அதாவது அப்பா) வீட்டு மாடியில் உட்கார்ந்துகொண்டு கடைகளுக்கும் லாட்ஜ்களுக்கும் வெப்சைட் செய்து தருகிறேன். அதோடு இரண்டு வருடமாக, விக்கிபீடியா மாதிரி எல்லாரும் எழுதுகிற ஒரு விக்கியையும் மேய்த்துக்கொண்டிருக்கிறேன்.

பதில் தெரியாமல் ரிடையர் ஆனவர்

முதலில் வந்தவர் சௌந்தரராஜன் சார். ஸ்ரீரங்கத்துக்காரர், வாய்க்கால் வேலைகளைப் பார்த்து ஓய்வு பெற்ற எஞ்சினியர். நெற்றியில் திருமண், கையில் துணிப்பை. பை நிறைய காகிதம். "நான் பிறக்கறதுக்கு முன்னாடி வந்த வெள்ளத்தைப் பத்தி என்கிட்ட ஏன் சார் கேக்கறீங்க?" என்றேன். "உங்களைக் கேக்கலைம்மா. எல்லாரையும் கேக்கணும். அதுக்கு ஒரு இடம் பண்ணிக் கொடுங்கோ" என்றார்.

எங்கள் தெரு ஆட்களுக்கு அந்த வெள்ளத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஒரு மழைக்காலத்து விடியற்காலையில் வாய்க்கால் கரை போய், தெரு முழுவதும் மூழ்கி, மண்சுவர் வீடெல்லாம் கரைந்துவிட்டது. கரை தானாக உடைந்தது என்று அரசுக் காகிதம் சொல்கிறது. எதிர்க்கரை வயல்காரர்கள் தங்கள் பயிரைக் காப்பாற்ற இந்தப் பக்கக் கரையை ஆள் வைத்து வெட்டினார்கள் என்று தெரு சொல்கிறது. சாருக்கு முதல் வேலையே அந்தக் கரையைத் திரும்பக் கட்டுகிற வேலைதானாம். போகிற வருகிறவர்கள் எல்லாம் "உடைஞ்சதா, வெட்டினாங்களா சார்?" என்று கேட்டிருக்கிறார்கள்.

ஆகவே, தெரிந்தவர்கள் எல்லாரும் தெரிந்ததை எழுதலாம், மற்றவர்கள் திருத்தலாம், ஆனால் ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் காட்ட வேண்டும் என்கிற மாதிரி ஒரு தளம். லாட்ஜுக்கு ரூம் படம் போடுகிற வேலையைவிட இது நன்றாக இருக்கிறதே என்று எனக்கும் ஆசை வந்துவிட்டது. இந்த வயதில் இதெல்லாம் எதற்கு சார் என்று மட்டும் கேட்டுவைத்தேன். "ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமலே ரிடையர் ஆயிட்டேன்மா. பரமபதத்துக்கும் அப்படியே போக முடியாது பாருங்கோ" என்றார்.

யார் அந்த அடியேன்?

ஒரு திருத்தம் செய்தால், என்ன செய்தோம் என்று கீழே ஒரு வரி எழுத வேண்டும் என்று சாருக்குக் கற்றுக்கொடுத்தேன். மறுநாளிலிருந்து எல்லாப் பக்கத்திலும் "அடியேன் எழுத்துப்பிழை நீக்கினேன்", "அடியேன் வரைபடம் சேர்த்தேன்", "அடியேன் புத்திக்கு எட்டியவரை சரி செய்தேன்" என்று வர ஆரம்பித்தது. பழக்கம் அப்படி. நானும் விட்டுவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து எங்கள் தெரு ஹார்டுவேர் கடை ஜமால் பாய் போன் செய்தார். அவர் எழுதியதில் பாதி வரிகள் மாறியிருந்தன. மாற்றியது சரிதான், ஆனால் மாற்றப்பட்டவருக்கு அது எப்போதும் சரியாகத் தெரியாது. "யாரும்மா அந்த அடியேன்? எந்தப் பக்கம் போனாலும் அவரே வந்து நிக்கிறாரு. முதல்ல அவரை பிளாக் பண்ணும்மா!"

ஆதாரம்: மாமனார்

ஜமால் பாயை நான் குறை சொல்ல மாட்டேன். ஆரம்பத்தில் அதிகம் எழுதியவர் அவர்தான். ஆனால் ஆதாரம் என்று கேட்கிற கட்டத்தில் எல்லா வரிக்கும் "என் மாமனார்" என்றே போட்டிருந்தார். மழை எத்தனை நாள் பெய்தது? மாமனார். படகு எங்கிருந்து வந்தது? மாமனார். கரையை வெட்டச் சொன்னது யார்? அதற்கும் மாமனார்.

ஆதாரம் போதாத வரிகளுக்குப் பக்கத்தில் சிவப்பில் "ஆதாரம் தேவை" என்று நான் ஒரு குறிப்புப் போடுவேன். அவர் பக்கம் முழுக்கச் சிவப்பாகிவிட்டது. நேராக வீட்டுக்கே வந்துவிட்டார். அம்மா கொடுத்த டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்: "எங்க மாமா ஹஜ்ஜுக்குப் போயிட்டு வந்தவரு. அவரு பேருக்குப் பக்கத்துல சிவப்பு எழுத்துப் போட்டா என் வீட்ல எனக்குச் சோறு கிடைக்குமாம்மா?"

முழங்காலளவு

எந்த வீட்டில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று தெரிந்தால், தண்ணீர் எந்த இடத்திலிருந்து வந்தது என்று கணக்குப் போட்டுவிடலாம் என்றார் சார். கேட்டோம். ஒரு வீட்டில் கழுத்தளவு என்றார்கள். பக்கத்து வீட்டில் தலைக்கு மேல் என்றார்கள். அதற்கும் பக்கத்து வீட்டில் உத்தரத்தைத் தொட்டது என்றார்கள். மூன்று வீட்டுக்கும் பொதுச்சுவர்!

சார் கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருக்கிற தண்ணீர் டியூபை வாங்கி வந்து, வெள்ளையடிக்காத பழைய சுவர்களில் இருந்த சேற்றுத் தடங்களை ஒவ்வொன்றாக அளந்தார். டியூபின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு தெருமுழுக்க நடந்தது நான். உத்தரத்தைத் தொட்ட வீட்டில் உண்மையில் நின்றது முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே. அதை அப்படியே விக்கியில் ஏற்றியதும் அந்த வீட்டம்மா என்னை வழியில் நிறுத்தினார். "பக்கத்து வீட்ல தலைக்கு மேலன்னு சொல்றாங்க, எங்களுக்கு மட்டும் முழங்காலளவா? அப்ப நாங்க வெள்ளத்துல கஷ்டமே படலைங்கிறீங்களா?"

சாமந்தி

இனிமேல்தான் விஷயம். விக்கியில் ஒரு வரி இருந்தது: "கரையை வெட்டியவர் லஸ்கர் பெரியசாமி." வாய்க்கால் கரையையும் மதகையும் காவல் பார்க்கிற சிப்பந்திக்கு லஸ்கர் என்று பெயர். வயல்காரர்கள் வைத்த ஆள் அவர்தான் என்பது எங்கள் தெருவில் சிறு பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். ஐந்து பேர் தனித்தனியாக எழுதியிருந்தார்கள். தினமும் பத்து மணி வாக்கில் "சாமந்தி" என்ற பெயரில் யாரோ வந்து அந்த ஒரு வரியை மட்டும் அழித்துவிட்டுப் போவார்கள். நான் திரும்பப் போடுவேன். மறுநாள் அழிந்திருக்கும். பிளாக் செய்தேன். "மல்லி" வந்து அழித்தது. மல்லியையும் பிளாக் செய்தேன். "கதம்பம்" வந்தது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஏன் அழிக்கிறீங்க? ஆதாரம் இருந்தா காட்டுங்க" என்று எழுதினேன். ஒரே வரியில் பதில் வந்தது. "நான் அவர் மகள்."

எங்கே இருக்கிறார் என்று கேட்டு எழுதி, பதில் வந்ததும் பஸ் ஏறி சமயபுரம் போனேன். கோயிலுக்குப் போகிற வழியில் பூக்கடை. தனலட்சுமி என்று பெயர், ஐம்பத்தைந்து வயதிருக்கும். "வாங்க, உட்காருங்க" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். கை நிற்காமல் பூக் கட்டிக்கொண்டே இருந்தது. வெள்ளத்துக்குப் பிறகு அவர் அப்பாவை வேறு மதகுக்கு மாற்றிவிட்டார்களாம். பள்ளிக்கூடத்தில் இவருக்குக் 'கரைவெட்டி மக' என்று பட்டம். அக்காவுக்குப் பேசி முடித்த சம்பந்தம் இதைச் சொல்லியே நின்றுபோனது. சாகிற வரை அப்பா பள்ளத்தெருப் பக்கம் போகவில்லை. எல்லாம் மறந்து இந்த ஊரில் கடை போட்டு உட்கார்ந்த பிறகு, மருமகள் ஒருநாள் போனைக் காட்டி, "அத்தை, தாத்தா பேரு நெட்ல வந்திருக்கு" என்றாளாம்.

நான் விக்கியின் விதிகளை விளக்கினேன். எழுதியதைக் காரணம் சொல்லாமல் அழிக்கக் கூடாது என்றேன். சொல்லும்போதே எனக்கு என் குரல் பிடிக்கவில்லை. அவர் கோபப்படவில்லை. நாரை இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "எழுதினதை அழிச்சா தப்புங்கிறீங்க. ஜமால்னு ஒருத்தர் மாமனார் சொன்னாருன்னு எழுதினா சிவப்பு எழுத்துப் போடறீங்க, நானும் பார்த்தேன். எங்கப்பா பேருக்குப் பக்கத்துல மட்டும் ஏங்க அந்தச் சிவப்பு எழுத்து இல்லை?"

கிளையும் தலையும்

 அங்கே சிவப்பு போட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் உண்மை. சின்ன வயதிலிருந்து கேட்ட விஷயத்துக்கு யாராவது ஆதாரம் கேட்பார்களா? பஸ்ஸில் திரும்பி வரும்போதே போனில் அந்த வரிக்குச் சிவப்புக் குறிப்பைப் போட்டுவிட்டு, சாரிடம் சொன்னேன்.

ஐந்து பேரையும் கேட்டோம். உங்களுக்கு யார் சொன்னது? அவருக்கு யார் சொன்னது? சில பேருக்குச் சொன்னவரே இறந்துபோயிருந்தார். அவர் பிள்ளைகளைக் கேட்டோம். ஜமால் பாயும் மாமியாரிடம் போய் விசாரித்து வந்தார். சார் அதையெல்லாம் வாய்க்கால் வரைபடம் போடுவதுபோல ஒரு பெரிய தாளில் கிளை கிளையாகப் போட்டுக்கொண்டே வந்தார். நாலாம் நாள் ஐந்து கிளையும் மேலே போய் ஒரே பெயரில் சேர்ந்துவிட்டது. சைக்கிள் கடை இஸ்மாயில். என் அத்தா.

சார் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார்.  "மத்தவாளை எல்லாம் அடியேன் கேட்டுட்டேன். இவரை மட்டும் நீங்கதான்மா கேக்கணும்."

அத்தா

இரண்டு நாள் கேட்காமல் தள்ளிப்போட்டேன். மூன்றாம் நாள் சாயங்கால அஸர் தொழுகை முடித்து வந்து அத்தா நாற்காலியில் உட்கார்ந்தபோது கேட்டேன். "லஸ்கர் கரையை வெட்டினதைப் பார்த்தீங்களாத்தா?" "பார்க்காமலா சொல்வேன்? மண்வெட்டியோட நின்னாரு." "வெட்டிட்டு இருந்தாரா?" "தண்ணி பாஞ்சுட்டு இருந்துச்சு." "தண்ணி பாயுறதுக்கு முன்னாடி அவர் வெட்டினதைப் பார்த்தீங்களா?" "நீ என்ன போலீஸா?" என்று கத்திவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார்.

பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகைக்குப் பிறகு அவரே மாடி ஏறி வந்தார். அப்போது அவருக்கு இருபது வயது. விடியற்காலையில் சத்தம் கேட்டுக் கரைக்கு ஓடியபோது கரை ஏற்கெனவே போயிருந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் லஸ்கர் மண்வெட்டியோடு நின்றார். வெட்டினாரா, மண் அள்ளிப் போட்டு அடைக்கப் பார்த்தாரா, மழையில் ஒன்றும் தெரியவில்லை. பள்ளிவாசலில் எல்லாரும் ஒதுங்கியிருந்தபோது, "லஸ்கர் மண்வெட்டியோட நின்னாரு" என்று மட்டும்தான் அத்தா சொன்னாராம். மறுநாள் சாயங்காலம் அவரிடமே ஒருத்தர் வந்து, "லஸ்கர்தான் வெட்டினானாமே" என்றாராம். "நான் இல்லைன்னு சொல்லலை. வீடு போச்சு, புதுசா வாங்கின தையல் மிஷின் போச்சு. யாரையாவது திட்டணும் போல இருந்துச்சு. அப்புறம் சொல்லிச் சொல்லி எனக்கே அப்படித்தான் பார்த்த மாதிரி ஆயிடுச்சு."

சொன்னதை அவர் வாயால் வந்தபடியே தட்டினேன். பிறகு, தெருவில் வாழ வேண்டியவர் ஆயிற்றே என்று பயந்து, பெயர் வேண்டாம், 'தெருவாசி ஒருவர்' என்று போட்டுவிடுகிறேன் என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஸ்க்ரீனை எழுத்துக்கூட்டிப் படித்தார். "என் பேரைப் போடு. யாரோ ஒருத்தன் சொன்னான்னு போட்டா, திரும்பவும் அதே கதைதானே?"

தெரு என்ன சொன்னது

தெரு சும்மா இருக்கவில்லை. நாலைந்து நாள் அத்தாவிடம் சில பேர் முகம் கொடுத்துப் பேசவில்லை. வயல்காரன் பக்கம் பேசுகிறாயா என்று ஒருத்தர் கேட்டேவிட்டார். அத்தா வழக்கம்போலக் கடைக்குப் போனார், வந்தார்.  ஆனால் ராத்திரி சாப்பாட்டை முன்பைவிட நிதானமாகச் சாப்பிட்டார் என்று அம்மா சொன்னார்.

ஜமால் பாய் என்ன சொல்வாரோ என்றுதான் எனக்குப் பயம். ஒரு காலையில் கடை வாசலில் என்னைக் கூப்பிட்டார். "உங்க அத்தா தைரியசாலிம்மா. என் மாமனார் இருந்திருந்தா இவ்வளவுக்கு ஒத்துக்கிட்டிருக்க மாட்டாரு. லஸ்கர் வெட்டினாருங்கிற வரியை நானே எடுத்துட்டேன், போய்ப் பாரு."

பூக்கடையில்

அடுத்த வாரம் அத்தா, "அந்த அம்மாவைப் பார்க்கணும்" என்றார். கூட்டிக்கொண்டு போனேன். கடைக்கு முன்னால் நின்றதும், நான் அறிமுகப்படுத்துவதற்குள், "நான்தாம்மா இஸ்மாயில். உங்க அப்பாவைப் பத்தி நான் பேசினது தப்பு. மாப்புக் கேக்க வந்தேன்" என்று சொல்லிவிட்டார். தனலட்சுமி அம்மா எழுந்து நின்றார்.  பிறகு அவர் பக்கத்துக் கடைக்குக் குரல் கொடுத்து டீ வரவழைத்தார். தண்ணீரில் அப்பா எந்த இடத்தில் நின்றார், என்ன சட்டை போட்டிருந்தார், சத்தம் போட்டாரா என்றெல்லாம் கேட்டார். காக்கிச் சட்டை, தலையில் சாக்கு, ஏதோ கத்தினார், காதில் விழவில்லை என்று அத்தா ஞாபகம் வந்ததை எல்லாம் சொன்னார்.

விக்கிப் பக்கத்தில் இப்போது என்ன எழுதியிருக்கிறது என்று போனில் காட்டினேன். கரை உடைந்ததா, வெட்டப்பட்டதா என்பது தெரியவில்லை. லஸ்கர் பெரியசாமி மண்வெட்டியுடன் தண்ணீரில் நின்றதைக் கண்டவர் ஒருவர்தான், சைக்கிள் கடை இஸ்மாயில். லஸ்கர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதும் தெரியவில்லை. இதற்குமேல் எங்களால் எழுத முடியவில்லை, மன்னிச்சுக்கங்க என்றேன். தனலட்சுமி அம்மா இரண்டு தடவை படித்தார். "அவருதான் ஊரைக் காப்பாத்தினாருன்னு எழுதுங்கன்னு நான் கேக்கலைங்க. தெரியலைன்னு எழுதியிருக்கீங்களே, இத்தனை வருஷத்துல எங்கப்பாவுக்கு யாரும் அவ்வளவு மரியாதை கொடுத்ததில்லை."

இரண்டு வருடம் நாலு பேர் மாறி மாறி உழைத்து "வெட்டினார்" என்ற ஒரு சொல்லைத் "தெரியவில்லை" என்று மாற்றியிருக்கிறோம், எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் முன்னேற்றம்.