தெல்ஃபினாவின் வலக்கை

பற்பசையை உள்ளங்கையில் தாராளமாகப் பிதுக்கி, அதன்மேல் அரை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, விரல் விரலாகத் தேய்க்கிறாள் தெல்ஃபினா. நக இடுக்குக்கு மட்டும் ஒரு பழைய பல்துலக்கி. ஹாங்காங் படகுத்துறையின் பொதுக் கழிப்பறையில் ஞாயிறு சாயங்காலம் குழாய்கள் ஓய்வதே இல்லை. இவள் ஒரு குழாயைப் பிடித்துவிட்டால் பின்னால் வரிசை வாசல் வரைக்கும் போய்விடும்.

"மனாங், பல்லு வாயில இருக்கு. கையில எதைத் தேடுறீங்க?" என்று வரிசையிலிருந்து மரிவிக் கத்துவாள்.

"உன் வாயைத்தான் முதல்ல இதால கழுவணும். வாடி இங்க!"

மனாங் என்றால் அக்கா. மணிலாவுக்கு வடக்கே இருக்கும் இலோகோஸ் பக்கத்திலிருந்து வீட்டுவேலைக்கு வந்த பெண்கள் அத்தனை பேருக்கும் தெல்ஃபினா மனாங்தான். குள்ளமான உருவம், உருண்டை முகம், யாரையோ அடிக்கப் போகிற மாதிரி ஒரு நடை. அவளுக்குக் கோபம் வராத விஷயம் என்று ஒன்றைக் கண்டுபிடிப்பது கஷ்டம். குடையை ஒழுங்காக மடிக்காதவர்களைக் கண்டால் கோபம். காதலன் ஏமாற்றிவிட்டான் என்று அழுகிறவர்களைக் கண்டால், ஏமாற்றியவன்மேல் வருவதைவிட அதிகமாகக் கோபம்.

சாப்பாடு என்று வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். பாகல், கத்திரி, வெண்டை, காராமணி எல்லாம் போட்டு, உப்பில் மாதக்கணக்கில் ஊறிய மீன்சாறான பகோங்கை ஊற்றிச் செய்கிற பினாக்பெத்தான் அவளுடைய ஊர்ச் சாப்பாடு. மணிலாப் பெண்கள் அதில் பூசணியைப் போட்டு, பகோங்குக்குப் பதில் இறால் விழுதைக் கலப்பார்கள். "அது பினாக்பெத் இல்ல, காய்கறிக்கு நடந்த கொலை" என்பாள் தெல்ஃபினா. பானைக்குள் கரண்டி போனாலும் அவளுக்கு ஆகாது. "கரண்டி பட்டா காய் கொழகொழன்னு போயிடும். ரெண்டு காதையும் பிடிச்சுக் குலுக்கணும்."

"பானைக் காதையா, உங்க மேடம் காதையா?" என்பாள் மரிவிக்.

"முதல்ல பானை."

அந்த மேடத்தின் வீட்டில் தெல்ஃபினா பதினோரு வருடமாக இருக்கிறாள். மேடத்தின் கணவருக்கு உப்புமீன் என்றால் உயிர். கொழுத்த கருவாட்டுத் துண்டைக் கொத்திய பன்றிக்கறிமேல் வைத்து ஆவியில் வேகவைத்துக் கொடுப்பது தெல்ஃபினாதான். அன்றைக்கு வீடு முழுவதும், சோபா உறை முதல் குழந்தையின் தலையணை வரை, கருவாட்டு வாடைதான். யாரும் ஜன்னலைத் திறப்பதில்லை. ஆஹா என்ன மணம் என்று ஐயா தட்டை வழித்து நக்குவார். நாலு வயதுப் பிள்ளைக்கும் ஒரு வாய் ஊட்டுவார்.

ஆனால் தெல்ஃபினாவின் கட்டிலுக்கு அடியில், மூன்று பிளாஸ்டிக் பைகளில் சுற்றி வைத்திருந்த பகோங் ஜாடியைக் கண்டெடுத்தபோது, மேடம் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு வந்தாள். செத்த எலியைத் தூக்குவதுபோல் தூக்கிக் குப்பையில் போட்டாள். "குழந்தை இருக்குற வீடு, தெல்ஃபினா. இந்த நாத்தம் ஆகாது." அவர்கள் வீட்டு மீன் அழுகினால் மணம், இவள் ஊர் மீன் அழுகினால் நாற்றம். இதற்குச் சுத்தம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். திமிர் என்று சொல்லவேண்டியவர்கள் வேலை போய்விடும் என்று பயந்து வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள்.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வந்தது. ஞாயிறு இரவு தெல்ஃபினா திரும்பி வந்ததும் மேடம் கதவருகிலேயே நிறுத்துவாள். தெல்ஃபினா பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி இரண்டு கைகளையும் நீட்டவேண்டும். மேடம் குனிந்து மோந்து பார்ப்பாள். பார்க்கும்போது சிரிப்பாள், அதுதான் இன்னும் கொடுமை. "தப்பா நினைக்காதே, குழந்தையத் தொடுற கை பாரு."

தப்பாக நினைக்காமல் வேறெப்படி நினைப்பது? ஊரில் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். ஒப்பந்தத்தில் மேடம் மறுபடி கையெழுத்துப் போடாவிட்டால் இரண்டே வாரத்தில் மூட்டை கட்டவேண்டும். அதனால் தெல்ஃபினா காயை மட்டும் மேடம் எழும் முன்பே உப்புப் போட்டு வேகவைத்து எடுத்து வருகிறாள். பகோங் ஜாடி சந்தைக்குள் இருக்கும் ஊர்க்காரியின் கடையில் குடியிருக்கிறது. பெரிய கட்டடங்களுக்கு நடுவே நடைபாதையில் அட்டைப்பெட்டிகளைப் பிரித்துப் போட்டு, வாழையிலை விரித்து, அங்கேதான் அவள் பகோங்கை ஊற்றிப் பானையைக் குலுக்குவாள். "பாதிச் சமையல் மேடம் வீட்டுல, பாதி தெருவுல. எந்த நாய்க்கு நடக்கும் இந்தக் கேவலம்?" என்று திட்டிக்கொண்டே குலுக்குவாள். ஸ்பூனால் சாப்பிட்டால் கையில் வாடை ஒட்டாதே என்று யாராவது சொன்னால் தீர்ந்தது. "ஸ்பூனால திங்கறதுக்கு நான் என்ன ஆஸ்பத்திரியிலயா கெடக்கேன்?" கையால் தின்பாள், பிறகு பற்பசை, எலுமிச்சை. திங்கட்கிழமை காலையில் வாயில் போடும் ரொட்டிகூட அவளுக்குப் புதினா மாதிரிதான் இருக்கும்.

போன ஞாயிறு ரொவெனா தன் டிபன் டப்பாவைத் திறந்தாள். வந்து இரண்டு மாதமே ஆன மூன்று பிள்ளைக்காரி அவள். முதல் வாரம் இந்த இலைமுன்னால் உட்கார்ந்து, அழுதுகொண்டே மூன்று முறை சோறு வாங்கித் தின்றவள். டப்பாவில் இரண்டு அவித்த முட்டை, ஒரு ஸ்பூன்.

"எனக்குக் கொழம்பு வேணாம் மனாங்."

"ஏன்? பூசணி போடலைன்னு கோவமா?"

"இல்ல மனாங். கையில வாடை ஒட்டிக்கும்."

"உங்க மேடமும் மோந்து பாக்குறாளா?" தெல்ஃபினாவின் குரல் ஏறிவிட்டது. "எவ அவ? எந்தத் தெரு? நான் வந்து கேக்குறேன்!"

"அய்யோ, எங்க மேடம் ஒண்ணுமே சொல்லல." ரொவெனா தலையைக் குனிந்துகொண்டாள். "வாரம் பூரா இதை நெனச்சுக்கிட்டுத்தான் தூங்குறேன். ஆனா பதினோரு வருஷம் இருக்குற நீங்களே இப்படிப் பயந்து பயந்து தேய்க்கிறீங்க. நேத்து வந்த நான் எந்த மூலைக்கு?"

பக்கத்தில் திறந்து கிடந்த அவள் பைக்குள் புதுப் பற்பசை ஒன்று இருந்தது. பிரிக்கப்படாத பெட்டியோடு, ஒரு எலுமிச்சம்பழமும்.

தெல்ஃபினாவை எவ்வளவோ பேர் எவ்வளவோ சொல்லியிருக்கிறார்கள். வாயாடி, சண்டைக்காரி, பிசாசு. பயந்தவள் என்று யாரும் சொன்னதில்லை. மனாங் இப்போது பானையையே தூக்கி அடிப்பாள் என்று எல்லோரும் பார்த்தார்கள். அவள் அடிக்கவில்லை. முகம் மட்டும் கறுத்துப்போயிருந்தது. ரொவெனாவின் கையிலிருந்த ஸ்பூனைப் பிடுங்கித் தன் பைக்குள் போட்டாள். சூடான சோற்றில் பாகற்காயை வைத்து, ஜாடியிலிருந்து இன்னும் கொஞ்சம் பகோங் ஊற்றி, அழுத்திப் பிசைந்து உருட்டினாள்.

"வாயத் தெற."

"மனாங்..."

"தெறடி! யாரும் கேக்காத கேள்விக்கு நீ ஏன் பட்டினி கெடக்குற?"

ரொவெனா திறந்தாள். முதல் வாய்க்குக் கண்ணில் நீர் வந்தது. இரண்டாவது வாய்க்குத் தானே கையை நீட்டினாள். மிச்சம் இல்லாமல் தின்று தீர்த்தார்கள். தெல்ஃபினா இலையை வழித்து, விரல்களையும் ஒவ்வொன்றாகச் சப்பினாள்.

சாயங்காலம் படகுத்துறைக் கழிப்பறையை அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்தாள். மரிவிக் வரிசையை விட்டு ஓடிவந்தாள். "மனாங், பல்லு வெளக்கலையா?"

"பல்லு இன்னைக்குக் கடிக்கிறதுக்கு."

"வெளையாடாதீங்க. மேடம் இன்னும் கையெழுத்துப் போடல!"

"தெரியும்" என்றாள் தெல்ஃபினா. அதே வேகத்தில் நடந்தாள்.

பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து வேறிடம் போனார். மின்தூக்கியில் ஒரு பெண் மூக்கைப் பொத்தினாள். வீட்டு மணியை அழுத்தியதும் மேடம் சிரித்தபடி கதவைத் திறந்தாள். உள்ளேயிருந்து ஐயாவின் உப்புமீன் வாடை வந்தது. மேடம் குனிவதற்குள் தெல்ஃபினா வலக்கையின் ஐந்து விரல்களையும் குவித்து, பிள்ளைக்குச் சோறு ஊட்டுவதுபோல, அவள் மூக்குக்கு நேராக நீட்டினாள்.